கணுக்கால் பட்டையை நம்பிச் சிறைக்கதவைத் திறக்கலாமா? ஒரு கருவி விமர்சனம்

வன்முறைக் குற்றம் செய்யாத கைதிகளைத் தண்டனை முடியும் முன்பே வெளியே விடலாமா என்று எங்கே பேச்சு வந்தாலும், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "காலில் பட்டையை மாட்டி அனுப்பிவிடலாமே" என்பார். அதோடு விவாதம் முடிந்துவிடும். ஆளைக் கண்காணிக்கும் அந்த மின்னணுப் பட்டை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது, எப்போது காலை வாரும் என்று கேட்பவர்கள் குறைவு. சறுக்கிய முன்விடுதலைத் திட்டங்கள் பலவும் சறுக்கிய இடம் அதுதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தண்டனையின் கடைசிச் சில மாதங்களுக்கு, தங்க வீடு இருக்கிற ஒருவருக்கு, கட்டணம் வாங்காமல், கழற்றும் தேதியை முன்பே எழுதிக் கொடுத்து மாட்டினால் இது நல்ல கருவி. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று உட்கார்ந்து முடிவெடுக்கச் சோம்பல்பட்டு, அந்த வேலையையும் பட்டையே பார்த்துக்கொள்ளும் என்று வாங்கினால் காசு வீண். சில நேரம் ஆளும் வீண்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

புழக்கத்தில் இருப்பவை மூன்று வகை. முதல் வகை ரேடியோ அலைப் பட்டை. கணுக்காலில் ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டர், வீட்டில் ஒரு பெட்டி. பட்டை சில பத்து வினாடிகளுக்கு ஒருமுறை தன் அடையாள எண்ணை அனுப்பும். பெட்டி அதைக் கேட்டு, உள்ளே இருக்கும் சிம் மூலம் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். பட்டைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஆள் வீட்டில் இருக்கிறாரா, இல்லையா. வெளியே போனபின் எங்கே போனார் என்பது அதற்குத் தெரியாது. பேட்டரி ஒரு வருடத்துக்கும் மேல் வரும், சார்ஜ் போடும் வேலை இல்லை. முன்விடுதலைக்கு இதுதான் போதும் என்பது என் கருத்து. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

இரண்டாவது ஜிபிஎஸ் பட்டை. செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, பொதுவாக நிமிடத்துக்கு ஒரு புள்ளி என்று பதிந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை செல்போன் வலையமைப்பு வழியாக அனுப்பும். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் கிடைக்காதபோது வைஃபையையும் செல்போன் கோபுரங்களையும் வைத்து இடத்தை ஊகிக்கும். தினமும் சார்ஜ் போட வேண்டும்.

மூன்றாவது மதுவைக் கண்டறியும் பட்டை. தோலிலிருந்து வரும் வியர்வை ஆவியை அரைமணிக்கு ஒருமுறை சோதிக்கும். சென்ட், சானிடைசர் பட்டாலும் அளவு ஏறும். ஆனால் அது சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். குடித்தால் மெல்ல ஏறி, மணிக்கணக்கில் மெல்ல இறங்கும். வரைபடத்தின் வடிவத்தைப் பார்த்து முடிவு சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். எண்ணை மட்டும் பார்த்துத் தண்டிக்கிற இடங்களில் இந்தக் கருவியை வாங்கவே கூடாது.

மூன்றுக்கும் பொதுவானது பட்டையின் வார். ரப்பர் போன்ற பொருளுக்குள் ஒளியிழையோ மின்கடத்தும் கம்பியோ ஓடும். வெட்டினால் சுற்று அறுந்து எச்சரிக்கை போகும். நல்ல கத்திரிக்கோல் இருந்தால் வெட்டிவிடலாம், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். தீ விபத்து, சாலை விபத்து, அவசர அறுவைச் சிகிச்சை என்று வந்தால் உடனே கழற்ற வேண்டுமே. ஆகவே இது பூட்டு அல்ல. ஓட நினைப்பவரைத் தடுக்காது. ஓடினார் என்று சொல்லும், அவ்வளவுதான். வாங்குகிற அரசுகளில் பாதிப் பேர் இதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள் போலும்.

மாட்டும் நாள்

பட்டையைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு விதை விழுவது மாட்டும் அன்றுதான். அதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: வீட்டைப் பார்ப்பது. சுவரில் மின்சாரம் நிற்காத ஒரு பிளக், செல்போன் சிக்னல், வீட்டில் இருக்கும் மற்றவர்களின் சம்மதம். அந்தச் சம்மதத்தைக் கைதியின் முன்னால் வைத்துக் கேட்கக்கூடாது, தனியாகக் கேட்க வேண்டும். திருட்டு வழக்கில் உள்ளே போனவர் வீட்டில் மனைவியை அடிப்பவராக இருக்கலாம். அவருடைய குற்றப் பத்திரிகையில் அது இருக்காது. வீட்டிலேயே இரு என்று பட்டை மாட்டுவது அந்தப் பெண்ணையும் சேர்த்து அடைப்பதாக ஆகிவிடும்.

மாட்டும்போது வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். காலையில் சரியாக இருப்பது மாலையில் கால் வீங்கினால் இறுக்கும்; நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். நீரிழிவு, ரத்த ஓட்டக் கோளாறு, ஆறாத புண் இருந்தால் கணுக்காலில் மாட்டாமல் மாற்று வழி பார்க்க வேண்டும். எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கவேண்டி வந்தால் யாரைக் கூப்பிட்டால் கழற்றுவார்கள், இரவில் கூப்பிட்டாலும் எடுப்பார்களா என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

காலைத் தொட்டுப் பார்த்தே மாட்ட வேண்டும் என்பதைச் சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் 2011-ல் இங்கிலாந்தில் ஒருவர் தன் செயற்கைக் காலில் கட்டுப் போட்டு நீட்ட, ஊழியர்கள் அதில் மாட்டிவிட்டுப் போனார்கள். அவர் காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வெளியே கிளம்பினார். கணினியைக் கேட்டால் ஆள் வீட்டில்தான் இருந்தார்.

ரேடியோ பட்டை என்றால் அடுத்து எல்லை அமைப்பது. அணிந்தவரை வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் நடக்கவிட வேண்டும்: சமையலறை, குளியலறை, மாடி, பின்கட்டு. கதவை மூடிக்கொண்டு சில நிமிடம் நிற்கவும் சொல்ல வேண்டும். இரும்புக் கதவு, பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சிக்னலைத் தின்னும். எல்லையைக் குறைத்து வைத்தால் குளிக்கப் போகும்போதெல்லாம் தப்பி ஓடியதாகப் பதிவாகும். கூட்டி வைத்தால் பக்கத்து வீடும் இவர் வீடாகிவிடும். பெட்டியைத் தரையில் வைக்காமல், மேசை உயரத்தில், வீட்டின் நடுவில், டிவி, ஃபிரிட்ஜ் பக்கத்தில் இல்லாமல் வைப்பது நல்லது. பெட்டிக்குள் அசைவு உணரி இருக்கிறது. தூசு தட்டுவதற்காக நகர்த்தினாலும் எச்சரிக்கை போகும். வீட்டாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பல சண்டைகள் மிச்சம்.

இந்த வேலையைப் பொறுமையாகச் செய்ய ஆள் போதாமல் போவதுதான் நடைமுறையில் பெரிய பிரச்சினை. இங்கிலாந்தில் 2024-ல் நெரிசலைக் குறைக்க ஒரே நாளில் சுமார் 1,700 பேரை விடுவித்தபோது, மாட்ட வரவேண்டிய ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள் வந்து சேராமல், பட்டை நிபந்தனையில் வெளிவந்த பலர் நாட்கணக்கில் பட்டையில்லாமல் இருந்தார்கள். கதவு திறந்த தேதியையும் பட்டை மாட்டும் தேதியையும் இரண்டு தனித்தனி நிறுவனங்கள் கையில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். பட்டை நிபந்தனை என்றால், கைதி சிறைவாசலைத் தாண்டும் முன் உள்ளேயே மாட்டிவிட்டு, பிறகு வீட்டில் போய் எல்லையை மட்டும் அமைப்பதே சரி.

அன்றாடப் பயன்பாடு: சார்ஜ் என்னும் தலைவலி

ஜிபிஎஸ் பட்டையின் பலவீனம் பேட்டரிதான். தினமும் இரண்டு மணி நேரம் வரை சார்ஜ் தேவைப்படும். மொபைலைப் போல மேசையில் போட்டுவிட்டுப் போக முடியாது. காலோடு சேர்த்துச் சுவரோரம் உட்கார வேண்டும். சில மாடல்களில் ஏற்கெனவே சார்ஜ் ஏற்றிய கையடக்கத் துண்டைப் பட்டையில் மாட்டிக்கொண்டு நடமாடலாம். இரண்டில் எது கிடைக்கிறது என்பதுதான் நடைமுறையில் பெரிய வித்தியாசம், விலைப்பட்டியலில் அது கடைசி வரியில் இருக்கும்.

தூங்கும்போது சார்ஜ் போடுவது வேண்டாம். புரண்டால் இணைப்பு விடுபடும், விடிகாலையில் பட்டை செத்திருக்கும். சாப்பிடும் நேரத்தையும் டிவி பார்க்கும் நேரத்தையும் சேர்த்து ஒரே நேரமாக வைத்துக்கொள்வதே வழி. பழைய பட்டையைத் துடைத்து அடுத்தவருக்கு மாட்டுவது எங்கும் நடப்பதுதான். பேட்டரி தேய்ந்த பட்டை பாதிநாள்கூடத் தாங்காது. "இவர் வேண்டுமென்றே சார்ஜ் போடுவதில்லை" என்று எழுதும் முன் பட்டையை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை பார்ப்பவர், பிளக் இல்லாத இடத்தில் வேலை செய்பவர், தெருவில் தூங்குபவர் ஆகிய மூவருக்கும் இந்தப் பட்டை பொருந்தாது. பேட்டரி தீர்ந்து போனதும் திரையில் தெரிவது என்ன? தப்பி ஓடினால் தெரிவது எதுவோ அதேதான். வன்முறையற்ற குற்றத்துக்காக உள்ளே போனவர்களில் கையில் காசும் நிலையான வீடும் இல்லாதவர்கள்தான் அதிகம் என்பதை நினைத்தால், அவர்களுக்கு ஜிபிஎஸ் மாட்டுவது அவர்களைச் சார்ஜருக்குச் சிறை மாற்றுவது. ரேடியோ பட்டை போதும் என்று மேலே சொன்னது இதனால்தான்.

புள்ளி தாவுவதும் உண்டு. உயரமான கட்டடங்களுக்கு நடுவில் சிக்னல் சுவரில் பட்டு எதிரொலித்து, வீட்டில் உட்கார்ந்திருப்பவரை நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் காட்டும். ஒற்றைப் புள்ளியை வைத்து யாரையும் மீறல் செய்தார் என்று சொல்லக்கூடாது. தொடர்ந்து பல புள்ளிகள், அவற்றுக்கு நடுவே நடந்துபோகக்கூடிய வேகம், எத்தனை செயற்கைக்கோள்களிலிருந்து சிக்னல் வந்தது என்ற விவரம் இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். போகக்கூடாத பகுதி என்று வட்டம் போடும்போது பஸ் பாதை அதன் வழியாக ஓடுகிறதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் போட்டால், வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் எச்சரிக்கை அடிக்காது.

மறுமுனையில் யார்?

பட்டை வாங்குவது சுலபம். அது அடிக்கும் மணியைக் கேட்க ஆள் வைப்பதுதான் செலவு. ஒரு நன்னடத்தை அலுவலரின் திரையில் பேட்டரி குறைவு, சிக்னல் இல்லை, வார் அசைந்தது, பெட்டிக்கு மின்சாரம் போயிற்று என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. நாளடைவில் இது 'புலி வருது' கதைதான். நிஜமாக வார் அறுந்த அன்றும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

நன்றாக நடக்கும் இடங்களில் எச்சரிக்கைகளைத் தரம் பிரித்திருக்கிறார்கள். பேட்டரி குறைந்தால் பட்டையை அதிரவைத்து, பிறகு அணிந்தவருக்குப் போன். சிக்னல் போனால் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, பழைய பதிவுகள் மொத்தமாக வந்து சேருகிறதா என்று பார்ப்பது. வார் அறுந்தாலோ, பாதிக்கப்பட்டவரின் வீட்டுப் பகுதிக்குள் நுழைந்தாலோ உடனே ஆள் கிளம்புவது. யார், எத்தனை நிமிடத்தில், எந்த வண்டியில் கிளம்புவார் என்பது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் மீதி எல்லாம் அலங்காரம்.

மென்பொருளையும் நம்பிவிட முடியாது. 2010 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய கண்காணிப்பு நிறுவனமொன்றின் தரவுத்தளம் 210 கோடி பதிவுகள் என்ற தன் எல்லையைத் தொட்டு நின்றுபோனது. 49 மாநிலங்களில் சுமார் 16,000 பேரின் எச்சரிக்கைகள் ஏறக்குறைய 12 மணி நேரம் வெளியே போகவில்லை. அணிந்திருந்தவர்களுக்கு இது தெரியாது என்பதால் ஒன்றும் விபரீதமாகவில்லை. இதிலிருந்து ஒரு விஷயம் புரியும்: கட்டுப்படுத்துவதில் கணிசமான பங்கு, 'பார்க்கிறார்கள்' என்ற நினைப்புக்கு. அந்த வேலையை மலிவான ரேடியோ பட்டையும் செய்யும்.

'வன்முறையற்றவர்' என்ற வடிகட்டி

யாருக்கு மாட்டுவது என்பதில்தான் இந்தச் சேவை அதிகம் கோட்டைவிடுகிறது. எல்லா நாடும் முதலில் கையில் எடுப்பது குற்றப் பிரிவுகளின் பட்டியலை. கலிபோர்னியாவில் 2016-ல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 57-ம் முன்மொழிவு, 'வன்முறையற்ற' குற்றவாளிகளுக்கு முன்கூட்டியே பரோல் பரிசீலனை தந்தது. வன்முறைக் குற்றம் எது என்று மாநிலச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு குறுகிய பட்டியல் இருந்தது. அதில் இல்லாதவை எல்லாம் வன்முறையற்றவை ஆகிவிட்டன. குடும்ப வன்முறைக் குற்றங்கள் சிலவும் அப்படி வெளியே நின்றன. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் பல இடங்களில் ஆளில்லாத வீட்டில் புகுந்து திருடியவர்கூட வன்முறைக் குற்றவாளி. ஒரே செயல், எல்லை தாண்டினால் வேறு பெயர்.

இங்கிலாந்தில் 2024 செப்டம்பரில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். தண்டனையில் 50 சதவீதத்துக்குப் பதில் 40 சதவீதம் கழித்ததும் விடுதலை. நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட கடும் வன்முறைத் தண்டனை, பாலியல் குற்றம், குடும்ப வன்முறையோடு தொடர்புடைய குற்றங்கள் விலக்கு. ஆனால் நெருங்கக்கூடாது என்ற நீதிமன்றத் தடையை மீறிய 37 பேர் தவறுதலாக வெளியே வந்துவிட்டார்கள். அவர்கள் மீதான குற்றம் ஏற்கெனவே நீக்கப்பட்ட பழைய சட்டப் பிரிவின்கீழ் பதிவாகியிருந்தது. விலக்குப் பட்டியலிலோ புதிய பிரிவுதான் இருந்தது. பட்டியலை மட்டும் வைத்து விடுதலை செய்வதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம்.

அதைவிடப் பெரிய கோளாறு, இந்த வடிகட்டி நாம் தேடுவதையே தேடுவதில்லை. அமெரிக்க நீதிப் புள்ளிவிவரத் துறை, 2005-ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்தது. ஐந்து ஆண்டுக்குள் மீண்டும் கைதானவர்கள் சொத்துக் குற்றவாளிகளில் சுமார் 82 சதவீதம், போதைப்பொருள் குற்றவாளிகளில் 77, வன்முறைக் குற்றவாளிகளில் 71. திரும்ப வருவது யார் என்பதுதான் கேள்வி என்றால், வன்முறையற்றவர்களே அதிகம் திரும்புகிறார்கள். வந்தால் என்ன செய்துவிட்டு வருவார்கள் என்பதுதான் கேள்வி என்றால் கதை வேறு. கடையில் திருடுவதும் கத்தியால் குத்துவதும் ஒன்றல்ல. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்காத விடுதலைக் குழு, பட்டை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் தடுமாறும்.

வயது, முந்தைய வழக்குகளின் எண்ணிக்கை, போதைப் பழக்கம், வெளியே இருப்பிடம், முன்பு பரோலில் போனபோது நடந்துகொண்ட விதம் இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் முறை மேலானது. அமெரிக்காவின் 2018 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்' சட்டம் அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தது. தகுதியுள்ள கைதி, பயிற்சியிலோ வேலையிலோ பங்கெடுக்கும் ஒவ்வொரு 30 நாளுக்கும் 10 நாள் கழிவு சம்பாதிக்கலாம், ஆபத்து மதிப்பீட்டில் குறைந்த நிலையிலேயே தொடர்ந்தால் 15. இங்கும் நீண்ட விலக்குப் பட்டியல் உண்டு. ஆனால் பட்டியலைத் தாண்டியபின் கைதி செய்வதற்கும் ஒன்று இருக்கிறது.

உண்மையில் பலன் உண்டா

உண்டு, ஆனால் விளம்பரத்தில் சொல்கிற அளவு அல்ல. அர்ஜென்டினாவின் பியூனஸ் ஐரஸ் மாகாணத்தில் சிறைக்குப் பதில் பட்டை மாட்டப்பட்டவர்களில் மீண்டும் கைதானவர்கள் 13 சதவீதம். சிறையில் இருந்து வந்த அதேபோன்ற ஆட்களில் 22. எந்த நீதிபதியிடம் வழக்குப் போகிறது என்பதைப் பொறுத்துப் பட்டை கிடைத்ததோ இல்லையோ என்றிருந்ததால், ஒப்பீடு ஓரளவு நியாயமானது. அங்கே பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள் என்பதை மறக்கக்கூடாது. புளோரிடாவில் 2010-ல் வெளிவந்த ஆய்வு, மேற்பார்வையில் இருந்தவர்கள் தவறும் வாய்ப்பைப் பட்டை சுமார் 31 சதவீதம் குறைத்ததாகச் சொல்கிறது.

பட்டையை விட்டுவிட்டு, சீக்கிரம் விடுவது மட்டும் என்ன செய்கிறது? அமெரிக்காவில் கிராக் கொக்கைன் (புகைக்கும் வகைக் கொக்கைன்) வழக்குகளில் தண்டனை அளவு 2007-ல் குறைக்கப்பட்டு, உள்ளே இருந்தவர்களுக்கும் பொருந்தும் என்றானது. முன்கூட்டியே வந்தவர்களில் ஐந்து ஆண்டுக்குள் மீண்டும் குற்றத்தில் சிக்கியவர்கள் 43.3 சதவீதம், முழுத் தண்டனையும் அனுபவித்து வந்தவர்களில் 47.8. கூடுதலாக உள்ளே வைத்ததால் ஊருக்குப் பாதுகாப்பு கூடவில்லை. கொரோனா காலத்தில் அமெரிக்க மத்தியச் சிறைகளிலிருந்து வீட்டுக்காவலுக்கு அனுப்பப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரில் புதிய குற்றத்துக்காகச் சிக்கியவர்கள் சில பத்துப் பேரைத் தாண்டவில்லை. அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள், பலர் வயதானவர்கள், நோயாளிகள். வடிகட்டி சரியாக இருந்தால் மீதி வேலை எவ்வளவு லேசு என்பதற்கு அது சாட்சி.

எதிர்ப்பக்கத்துக்கு இத்தாலி. 2006-ல் பட்டை எதுவும் இல்லாமல், மூன்று ஆண்டு வரை தண்டனையைத் தள்ளுபடி செய்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை விட்டார்கள். அடுத்து குற்றங்கள் கூடின, சில ஆண்டுகளில் சிறைகளும் மறுபடி நிறைந்தன. ஆனால் அதே திட்டத்தில் ஒரு நல்ல பாகம் இருந்தது: ஐந்து ஆண்டுக்குள் மீண்டும் குற்றம் செய்து மாட்டினால், புதிய தண்டனையோடு தள்ளுபடி செய்த பழைய மிச்சமும் சேரும். மிச்சம் ஒரு மாதம் கூடக்கூட, மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு சுமார் 1.3 சதவீதம் குறைந்ததாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கருவியும் இல்லை, சார்ஜரும் இல்லை, கட்டணமும் இல்லை. தலைக்கு மேல் தொங்கும் மிச்ச மாதங்கள் அவ்வளவு வேலை செய்தன. பட்டையோடு இதைச் சேர்த்து வாங்குவதே லாபம்.

பட்டைக்குத் தெரியாதவை

வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் உயிருக்கு ஆபத்து. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டோரை வைத்து 2007-ல் வெளியான ஆய்வில், அந்த இரண்டு வாரத்தில் இறக்கும் வாய்ப்பு அதே வயது, பாலின மக்களைவிட 12.7 மடங்கு, போதைப்பொருள் மிகையால் இறப்பது 129 மடங்கு. உள்ளே இருந்தபோது உடல் பழக்கத்தை இழந்திருக்கும். வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். வன்முறையற்ற கைதிகளில் போதை வழக்குக்காரர்கள் நிறைய என்பதால் இது முன்விடுதலையின் நேரடிப் பிரச்சினை. இறந்து கிடப்பவரையும் ரேடியோ பட்டை 'வீட்டில் இருக்கிறார்' என்றுதான் சொல்லும். மாற்று மருந்துச் சிகிச்சையை உள்ளேயே தொடங்கி, வெளியே எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்று குறித்துக் கையில் கொடுத்தனுப்புவதும், போதை மிகையை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கூடவே தருவதும் பட்டையைவிட மலிவு.

வெள்ளிக்கிழமை விடுதலை இன்னொரு கண்ணி. மதியம் வெளியே வந்தால் அலுவலகங்கள் மூடும் முன் தங்குமிடம், மருந்து, உதவித்தொகை எதையும் முடிக்க முடியாது; அடுத்து இரண்டு நாள் விடுமுறை. இங்கிலாந்தில் 2023-ல் இதற்கென்றே சட்டம் போட்டு, தகுதியுள்ளவர்களை இரண்டு வேலை நாள் வரை முன்னதாக விட வழி செய்தார்கள். சின்ன மாற்றம், நல்ல மாற்றம்.

காசும் ஒப்பந்தமும்

அமெரிக்காவின் பல மாவட்டங்களில் பட்டைக்கு அணிந்தவரே நாள் வாடகை கட்ட வேண்டும். வேலை தேடிக்கொண்டிருப்பவர் பாக்கி வைப்பார், பாக்கி மீறலாகும், மீறல் திரும்பச் சிறை. புதிய குற்றம் ஒன்றும் இல்லாமலே ஆள் உள்ளே. சுவீடனிலும் வேலையோ வருமானமோ உள்ளவர் ஒரு சிறு தொகை கட்டுவது உண்டு, ஆனால் அது பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகும், வசதியில்லாதவர் கட்ட வேண்டியதில்லை. வாடகை வசூலிக்கும் நிறுவனத்துக்குப் பட்டை கழறுவதில் என்ன அக்கறை இருக்கும்?

அரசே கட்டினாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். 2013-ல் இங்கிலாந்தில் செர்கோவும் ஜி4எஸ்ஸும் பட்டை ஒப்பந்தத்தில் அதிகமாகக் கட்டணம் வாங்கியது தணிக்கையில் வெளிவந்தது. இறந்துபோனவர்கள், மீண்டும் சிறைக்குப் போய்விட்டவர்கள், நாட்டைவிட்டே போனவர்கள் பேரிலும் பில் போயிருந்தது. இரண்டு நிறுவனமும் பெரும் தொகையைத் திருப்பிக் கொடுத்தன, பின்னர் அபராதமும் கட்டின. ஆகவே ஒப்பந்தத்தில் தலைக்கு இவ்வளவு என்று மட்டும் எழுதாமல், சிறைப் பதிவேட்டோடும் இறப்புப் பதிவேட்டோடும் மாதாமாதம் ஒத்துப்பார்த்தபின்தான் பணம் என்று எழுத வேண்டும்.

இந்தியா இன்னும் வாசலில்தான் நிற்கிறது. உள்துறை அமைச்சகத்தின் 2023 மாதிரிச் சிறைச் சட்டம், மின்னணுக் கருவி அணியச் சம்மதிக்கும் கைதிக்குச் சிறை விடுப்பு தரலாம் என்கிறது. அதே ஆண்டு ஜம்மு காஷ்மீரில் ஜாமீனில் வந்த ஒருவருக்கு ஜிபிஎஸ் பட்டை மாட்டினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஜாமீனில் இருப்பவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தைப் புலனாய்வு அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று தள்ளிவிட்டது. ஜாமீனுக்குச் சொன்னது தண்டனைக் கைதிக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் வாங்கும் முன் படித்துவைக்க வேண்டிய தீர்ப்பு.

எவ்வளவு காலம்

இங்கிலாந்தில் 1999-ல் தொடங்கிய வீட்டடைப்பு முன்விடுதலையில் குறைந்தது நாளுக்கு 9 மணி நேரம் வீட்டில் இருக்க வேண்டும். வழக்கமாக இரவு ஏழு முதல் காலை ஏழு வரை. உச்சவரம்பு 2023-ல் 180 நாளாகவும் 2025-ல் ஒரு வருடமாகவும் நீண்டது. நீட்டியது நெரிசலுக்காக. ஆறு மாதத்துக்கு மேல் அதே கெடுபிடியில் வைத்தால், முதலில் வந்த ஒழுங்கு தேய்ந்து சில்லறை மீறல்கள்தான் மிஞ்சும் என்பது என் கணிப்பு. ஒரு வருடம்தான் என்றால் நடுவில் வீட்டு நேரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்: வேலையில் சேர்ந்தால் ஒரு மணி நேரம், மூன்று மாதம் மீறல் இல்லையென்றால் வார இறுதி.

குறைந்த ஆபத்துள்ளவர் என்று மதிப்பீடு சொல்லும் ஆளுக்குப் பட்டையே வேண்டாம், மாதம் ஒருமுறை அலுவலரைப் பார்த்தால் போதும். இருக்கிறதே என்று அவருக்கும் மாட்டினால், பட்டை இல்லாமல் நன்றாக இருந்திருக்கக்கூடியவர் பேட்டரி எச்சரிக்கையால் திரும்பச் சிறைக்குப் போவார். வாங்கிய எண்ணிக்கைக்கு ஆள் தேடும் துறைகளில் இதுதான் நடக்கிறது.

கழற்றும் நாளுக்கும் ஒரு நடைமுறை வேண்டும். உத்தரவு முடியும் நள்ளிரவுக்குப் பிறகு அணிந்தவரே வெட்டலாமா, ஆள் வந்துதான் கழற்ற வேண்டுமா என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாத இடங்களில் முடிந்த பட்டையை வெட்டியதற்கே போலீஸ் வாசலுக்கு வர வாய்ப்புண்டு. பட்டை, பெட்டி, சார்ஜர் மூன்றையும் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இருப்பிடப் பதிவுகள் எத்தனை மாதத்தில் அழிக்கப்படும், அதுவரை யார் பார்க்கலாம் என்ற வரி அந்த ரசீதில் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.